குடல்வால் மாமா

அடுத்த வீட்டில் அண்ணா செருமினார். இரண்டு தரம். முதலாவது கதவுக்கு, இரண்டாவது கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு. உடனே பிள்ளைகள் சிரித்தார்கள். கதிரைக் கால்கள் நிலத்தில் இழுபடுகிற மாதிரிச் சிரிப்பு. நான் களைந்துகொண்டிருந்த அரிசிச் சட்டியைக் கையில் பிடித்தபடியே பின்னறை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டேன். கதவு திறந்து கிடந்தது. உள்ளே காற்று. சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒன்றுமில்லை.

பிறகுதான் விளங்கியது, அது தொலைக்காட்சி. பாடசாலை விடுமுறை என்று அந்தப் படத்தைத் திரும்பவும் போடுகிறார்கள். மனித உடம்புக்குள் ஒரு குடும்பம் குடியிருந்து, சண்டை பிடித்து, சமைத்து, சிரிக்க வைக்கிற கார்ட்டூன் படம். அதில் குடல்வாலுக்குக் குரல் கொடுத்தவர் என் அண்ணா. கதை என்னுடையது இல்லை, தமிழ் மட்டும்தான் என்னுடையது. அப்படித்தான் அப்போது எல்லாரிடமும் சொன்னேன். அது எவ்வளவு தூரம் சரி என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. அரிசியைத் திரும்ப ஒரு தரம் களைந்தேன். முதலே களைந்ததா என்பதும் மறந்துபோயிற்று.

அண்ணா எங்கள் வீட்டுக்கு வந்தது பத்து நாளுக்கு. கப்பல்துறையில் இருந்த அவருடைய வீட்டுக் கூரைத் தகரங்களைக் காற்று கழற்றி, பக்கத்து வளவு முருங்கையில் கொண்டுபோய்ச் சாத்திவிட்டது. கலியாணம் கட்டாத மனிதர். திருகோணமலை பஸ் நிலையத்தில் நேரம் பார்த்துப் பஸ்ஸை அனுப்புகிற டைம் கீப்பராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சூட்கேஸும் ஒரு குடையும் கொண்டுவந்தார். தகரம் போடுமட்டும் இருக்கிறேன் என்றார்.

மூன்றாம் மாதம் தகரம் போட்டாயிற்று. அது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். துறைமுகத்தில் வேலை செய்யும் என் கணவருக்கும் தெரியும், ஏனென்றால் ஆணி வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் தகரத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. ஒன்பது வருடம். மீனைப் பற்றிக் கதைத்தோம், மழையைப் பற்றி, உட்துறைமுகத்தில் வந்து நிற்கிற கப்பலைப் பற்றி, மான்கள் இரண்டு படலையைத் தள்ளிக்கொண்டு வந்து செவ்வரத்தைச் செடியை மேய்ந்துவிட்டுப் போனதைப் பற்றி. வெய்யில் நேரத்தில் யாராவது வந்து, உங்கட கூரை நல்ல சூடு என்று சொன்னால் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்ப்போம்.

தங்கச்சி வீட்டில் இருக்கிற ஆம்பிளை என்று அவர் தனக்குத்தானே ஏதோ சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். எந்த அறைக்குள் வருவதென்றாலும் செருமுவார். குசினிக்குச் செருமல், விறாந்தைக்குச் செருமல், ஆளில்லாத கிணற்றடிக்கும் செருமல். கேட்டு ஒன்றும் வாங்கமாட்டார். "எனக்கு ஒண்டும் வேண்டாம் பிள்ளை, ஒரு பிளேன்ரீ காணும்" என்பார். அந்தப் பால் விடாத தேநீரோடு ஒரு பிஸ்கட் சும்மா இருக்கும். பிஸ்கட் முடிய, காலையில் மிஞ்சிய பிட்டு பழுதாகிப்போகுமே என்று அவருக்குக் கவலை வரும். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், நீங்கள் இருங்கோ, நான் ஆறுதலாக என்று சொல்லுவார். சொல்லும்போதே கதிரையில் இருப்பார்.

எனக்கு அது கோபமா, பாசமா? இரண்டும் ஒரே சட்டியில் வேகும், எது எதன் மணம் என்று பிரிக்க ஏலாது. பின்னறைதான் இந்த வீட்டில் ரோட்டுச் சத்தம் வராத அறை. என் மேசை அங்கே நின்றால், யன்னலோடு, கிழக்கைப் பார்த்து, என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அவர் கடைக்குப் போன நேரம் ஒருநாள் சாண் வைத்து அளந்தும் பார்த்தேன். மேசை கொள்ளும். அளந்த கையைப் பிறகு சேலையில் துடைத்துக்கொண்டேன், ஏன் என்று தெரியாமல்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் படம் வந்தது. பிள்ளைகளுக்கான படங்களைத் தமிழில் கொண்டுவருகிற ஒரு சிறிய நிறுவனம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டுச் சிரிக்கிற தமிழ் வேண்டும் என்றார்கள். நான் எழுதுகிறவை கவிதையும் இல்லாத, உரைநடையும் இல்லாத சின்னச் சின்னத் துண்டுகள். அதைப் படித்துவிட்டு இந்த வேலைக்கு என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஓம் என்றேன்.

பத்து வயதுப் பொடியன் ஒருவனின் உடம்புதான் வீடு. இருதயம் தாய்; நின்ற நிலையில் ஒரு நிமிடம் இருக்காத தாய். இரைப்பை தகப்பன், வந்து விழுகிற எல்லாவற்றையும் குறை சொல்லிக்கொண்டே அரைக்கிறவர். சுவாசப்பைகள் இரண்டும் பெண் பிள்ளைகள், ஒருத்தி மூச்சை எடுத்தால் மற்றவளுக்குப் போட்டி. மூளை மேல்மாடியில், ஒருவரும் கண்டதில்லை, மணியடித்து உத்தரவு மட்டும் வரும். இவர்களோடு ஒரு மூலையில் குடல்வால். மூலப்படத்தில் அவன் ஒரு வாடகைக்காரன். வேலை இல்லை, வாடகையும் கொடுப்பதில்லை, குடும்பத்தோடு இருந்து சாப்பிடுகிறான்.

அங்கேதான் நான் தடக்குப்பட்டேன். எங்கள் வீடுகளில் அப்படி ஒரு வாடகைக்காரன் எங்கே இருக்கிறான்? முன்பின் தெரியாத ஆம்பிளை குசினி வாசலில் இருந்து பிட்டுச் சாப்பிட்டால் ஊர் என்ன கேட்கும்? அவன் யாரோவாக இருக்கவேண்டும். இருதயத்தின் அண்ணனாக இருக்கட்டும், பிள்ளைகளுக்கு மாமாவாக இருக்கட்டும் என்று எழுதினேன். மாமா என்று எழுதியதும் படம் தானாக ஓடத் தொடங்கியது. அவன் பேச வேண்டிய எதையும் நான் தேடவே இல்லை. எனக்கு முன்னமே தெரிந்த ஒருவர் பேசினார். "எனக்கு ஒண்டும் வேண்டாம், ஒரு பிளேன்ரீ காணும்." நான் அதை எழுதும்போது அண்ணா பின்னறையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். எழுதியது அவரை என்று எனக்குத் தெரிந்திருந்ததா? தெரியாது என்றுதான் இவ்வளவு நாளும் சொல்லி வந்திருக்கிறேன்.

குரல் பதிவு செய்ய மட்டக்களப்பில் இருந்து ஒரு பெண் வந்தாள், முதுகில் ஒரு பை, பைக்குள் மைக்கும் கணினியும். இருபத்தைந்து வயது இருக்கும். வீடு முழுக்க நின்று காதைக் கொடுத்துப் பார்த்தாள். முன்னறையில் ஓட்டோ. நடுஅறையில் காகம். விறாந்தையில் நின்றால் கப்பலின் ஊதல் வயிற்றுக்குள் கேட்கும். பின்னறை வாசலில் நின்று, "அக்கா, இதுதான்" என்றாள்.

அண்ணா உடனே எழும்பி வானொலியை நிறுத்தினார். அவருடைய சேட்டுகள், வானொலி, குடை, மூக்குக்கண்ணாடி எல்லாம் அந்தப் பழைய சூட்கேஸுக்குள் போய், சூட்கேஸ் நடுஅறைக்கு வந்தது. மெத்தைகளைச் சுவரோடு நிறுத்திப் பழைய சேலைகளைத் தொங்கவிட்டோம். அண்ணாதான் ஏணியில் ஏறி ஆணி அடித்தார். மூன்று நாள்தானே என்று நான் இரண்டு தரம் சொன்னேன். ஒரு தரம் சொல்லியிருந்தால் போதும்.

இருதயத்துக்கும் பிள்ளைகளுக்கும் குரல் கொடுக்கிறவர்கள் முதல் நாளே வந்து பேசிவிட்டுப் போனார்கள். குடல்வால் பேச வரவிருந்த நாடக ஆசிரியருக்குக் காய்ச்சலில் தொண்டை அடைத்துவிட்டது. வேறு யாரைப் பிடிப்பது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்க, அண்ணா எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து, தன்னுடைய அறைக்கு வெளியே நின்று செருமினார். இரண்டு தரம். அந்தப் பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே என்னைப் பார்த்தாள். அந்தச் செருமல் தனக்கு வேண்டும் என்றாள்.

கண்ணாடி சூட்கேஸின் அடியில் எங்கோ இருந்தது. அதனால் அவள் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுக்க, அண்ணா அதைத் திருப்பிச் சொன்னார். முன்னுக்கு என்ன, பின்னுக்கு என்ன என்று கேட்கவே இல்லை. முப்பது வருடம் பஸ் கூப்பிட்ட தொண்டை. முதலில் குடல்வால், கந்தளாய்க்கு ஆளேற்றுகிற மாதிரிக் கத்தியது. பிறகு பிடித்துக்கொண்டார். ஓரிடத்தில் சொல்லிக்கொடுக்காத ஒன்றையும் சேர்த்தார், சாப்பாடு இறங்கி வருகிற இடத்தில்: "சிறுகுடல் முடிஞ்சுது. பெருங்குடலுக்குப் போறாக்கள் வாசல்ல நிக்காமல் முன்னுக்குப் போங்கோ." அந்தப் பெண் சிரித்ததில் பதிவு பழுதாகி, திரும்ப எடுத்தோம். அண்ணாவை அப்படி ஒரு சந்தோசத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை. அன்றைக்குப் பிளேன்ரீயை வாயால் கேட்டார். சீனி கூடப் போடு என்றும் கேட்டார்.

மூன்றாம் நாள் மதியம் கணவர் சாப்பிட வந்தார். ஒரே ஒரு காட்சிதான் பாக்கி. அதற்கு முதல், படமும் குரலும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று அந்தப் பெண் பத்து நிமிடம் போட்டுக் காட்டினாள். நாங்கள் நான்கு பேரும் சாப்பாட்டு மேசையில் கணினியைச் சுற்றி இருந்தோம். திரையில் சின்ன வளைந்த உருவம், இடுப்பில் சாரம் உடுத்தின மாதிரி ஒரு தோல் மடிப்பு, கதவடியில் நின்று செருமியது. ஒண்டும் வேண்டாம் என்றது. பிஸ்கட்டை எடுத்தது. நீங்கள் இருங்கோ என்று சொல்லிக்கொண்டே முதல் ஆளாக இருந்தது.

கணவர் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது அச்சொட்டா எங்கட மச்சானெல்லோ" என்றார்.

அண்ணாவும் சிரித்தார். அவர்தான் கூட நேரம் சிரித்தார். பிறகு எழும்பிப் போய்ச் சூட்கேஸைத் திறந்து, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, மேசையில் கிடந்த என் தாள்களை எடுத்தார். நின்றபடியே வாசித்தார். நான் சோற்றைக் குழைத்துக்கொண்டே இருந்தேன்.

"இதை ஆர் பிள்ளை எழுதினது?"

"படத்தில இருக்கிறதுதான் அண்ணா. நான் தமிழ்ப்படுத்தினது மட்டும்தான்."

அவர் ஒரு தாளைத் திருப்பினார். "வெளிநாட்டுப் படத்தில பிளேன்ரீ குடிக்கிறாங்களோ?"

அதில் கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்புகிறவர் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். நான் ஏதோ சொன்னேன். கணவர் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். அண்ணா தாள்களைத் தட்டி, ஓரம் சரிபார்த்து, பழையபடி மேசையில் வைத்தார். கடைசிக் காட்சியை முடிப்போம் தங்கச்சி என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

கடைசிக் காட்சி இதுதான். வீட்டில் எல்லாரும் கூடி ஒரு முடிவு எடுக்கிறார்கள், குடல்வாலை ஒருவரும் கூப்பிடவில்லை. அவனுக்கு மனம் வீங்குகிறது. மனம் வீங்க உடம்பும் வீங்குகிறது. வீடு முழுக்கச் சூடு, இருதயம் ஓடித் திரிகிறாள், மேல்மாடி மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கூரை திறக்கிறது. வெளிச்சம் விழுகிறது. இரண்டு வெள்ளிக் கைகள் இறங்கி அவனைத் தூக்குகின்றன. போகும்போது அவன் ஒரு வரி சொல்லவேண்டும். நான் எழுதியிருந்தது: அப்ப நான் போறன்.

அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தாள். அண்ணா மைக்குக்கு முன்னால் நின்று, "அப்ப நான் போட்டு வாறன்" என்றார்.

போய் வருகிறேன் இல்லை, போறன் என்று வரவேண்டும் என்றாள். ஓம் என்றார். திரும்பவும் போட்டு வாறன் என்றே சொன்னார். ஐந்து தரம், ஆறு தரம். முதலில் வாய் பழகின பழக்கம் என்று நினைத்தோம். பிறகு அவள் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, மெதுவாக விளங்கப்படுத்தினாள்.

"ஐயா, குடல்வாலை வெட்டி எடுத்தாப் பிறகு அது திரும்பி வராது."

"அது எனக்குத் தெரியும் தங்கச்சி. வெட்டுற டொக்டருக்கும் தெரியும். ஆனால் வீட்டை விட்டு வெளிக்கிடுற மனுசன் ஆரும் போறன் எண்டு சொல்லுறதோ? அந்தப் பிள்ளையளுக்கு முன்னால?"

பிள்ளைகள் என்றது சுவாசப்பைகளை. அவள் என்னைப் பார்த்தாள். எழுதினவள் நான்தானே. போட்டு வாறன் என்றால் படம் பொய்யாகிவிடும். போறன் என்றால் அண்ணாவைக்கொண்டு அதைச் சொல்ல வைத்த ஆள் நான். மெத்தைகளுக்கு நடுவில் காற்று இல்லை, மின்விசிறியைச் சத்தத்துக்காக நிறுத்தியிருந்தோம், மூன்று பேருக்கும் வேர்த்தது. கடைசியில், வரியே வேண்டாம் என்றேன். செருமினால் போதும்.

அவர் செருமினார். இரண்டு தரம். அது ஒரே தரத்தில் சரிவந்தது.

அந்தப் பெண் அன்று பின்னேரமே மட்டக்களப்புக்கு வெளிக்கிட்டாள். நாங்கள் மெத்தைகளைக் கட்டிலில் போட்டோம், சேலைகளை மடித்தோம். சாமானை உள்ளே எடுத்து வைப்போம் அண்ணா என்றேன். நாளைக்குப் பார்ப்பம் என்றார். அடுத்த நாளும் நாளைக்கு என்றார். சூட்கேஸ் நடுஅறையில் நின்றது. அதை எப்போது கட்டினார் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்தேன். அவர் கட்டவே இல்லை. பதிவுக்காக நானே அடுக்கிக் கொடுத்த சூட்கேஸ் அது. அதற்குப் பிறகு அவர் அதிலிருந்து எடுத்தது கண்ணாடியும் பல்துலக்கியும் மாற்றுச் சேட்டும்தான். வெளியே போகச் சொன்னது யார், எந்த நாள், எந்த வாய்? தேடினால் ஒரு வாயும் அகப்படவில்லை.

அந்தப் பெண் போன நான்காம் நாள் காலை முகம் வழித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு குசினி வாசலில் நின்றார். செருமவில்லை. அதனால் நான் திரும்பிப் பார்க்கச் சுணங்கியது. மழைக்கு முதல் ஒரு தரம் தகரத்தைப் பார்க்கவேண்டும் என்றார்.

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் தகரம் என்ற சொல் கேட்டது. கணவர் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். இருங்கோ என்று நான் சொல்லலாம். ஆனால் அவர் போகிறேன் என்று சொல்லவில்லையே. தகரம் பார்க்கவேண்டும் என்றுதானே சொன்னார். போகிறேன் என்று சொல்லாதவரை எப்படி இருங்கோ என்பது? கப்பல்துறை என்ன கடல் கடந்தா இருக்கிறது, அரை மணித்தியாலப் பஸ். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு நான் பிட்டைப் பெட்டியில் போட்டுச் சம்பல் வைத்துக் கட்டினேன். கட்டி முடிய, அது போகிற ஆளுக்குக் கட்டுகிற கட்டாக இருந்தது.

பஸ் நிலையத்துக்கு நானும் போனேன். நேரம் பார்க்கிற கூண்டில் புதியவர், இவரைத் தெரியாது. அண்ணா அங்கே தொங்கிய மணிக்கூட்டைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மூன்று நிமிடம் பிந்தி ஓடுகிறது என்றார், என்னிடம்தான். கந்தளாய் பஸ் நின்றது, கப்பல்துறையில் இறங்கலாம். சூட்கேஸைத் தானே ஏற்றினார். யன்னலோரம் இருந்தார். வெய்யில் அவர் முகத்தில் பாதிக்கு விழுந்தது. வெளியே நின்ற எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, யன்னல் கம்பியில் வைத்தேன்.

படத்தை எப்ப போடுவார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். போட்டால் சொல் என்றார். குளியலறைக் குழாயை இறுக்கித் திருகவேண்டாம், உள்ளே றப்பர் தேய்ந்துவிட்டது என்றார். எல்லாம் சொன்னார். நான் ஒரே ஒரு சொல்லுக்காகக் காது கொடுத்துக்கொண்டு நின்றேன். இரண்டில் எது வரும் என்று. எது வந்தாலும் எனக்கு அன்றைக்குத் தாங்காது போலவும் இருந்தது. சாரதி ஏறி இயந்திரத்தை இயக்கினார், கம்பி என் கைக்குள் நடுங்கத் தொடங்கியது.

"அந்த அறையைச் சும்மா கிடக்க விடாதை பிள்ளை" என்றார். "உன்ர மேசையைக் கொண்டுபோய்ப் போடு. யன்னலடியில கொள்ளும்."

அளந்ததைக் கண்டிருக்கிறார். அல்லது அவரும் அளந்திருக்கிறார்.

"அது உங்கட அறை அண்ணா."

பஸ் நகர்ந்தது. கம்பியை விடாமல் நான்கைந்து அடி கூடவே நடந்தேன். அவர் குனிந்து, பஸ் சத்தத்துக்கு மேலால், பழைய டைம் கீப்பர் குரலில் சொன்னார்:

"அப்பிடியெண்டா பூட்டாமல் வை."